பெட்டியின் முகத்தில் என்ன இருக்க வேண்டும்? ஐரோப்பாவின் நான்கு உணவு லேபிள்கள்

தேன் பூசிய சோள அவல் பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். காலையில் பாலில் போட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது. 100 கிராமில் சர்க்கரை 25 கிராம், கொழுப்பு 2.5 கிராம், அதில் நிறைவுற்ற கொழுப்பு 0.6 கிராம், உப்பு 0.6 கிராம், நார்ச்சத்து 5 கிராம், ஆற்றல் 1,600 கிலோஜூல். எண்கள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. ஆனால் இந்த ரகப் பெட்டிகள் ஐரோப்பியக் கடைகளில் வரிசையாக நிற்கின்றன. இதே பெட்டி லண்டன், ரோம், ஸ்டாக்ஹோம், பாரிஸ் நான்கு ஊர்களிலும் விற்பனைக்கு வந்தால், அதன் முன்பக்கம் நம்மிடம் என்ன சொல்லும்?

லண்டனில் டிராபிக் லைட். 2013-ல் அரசு ஒரே வடிவமாக ஒழுங்குபடுத்திய முறை இது. கொழுப்பு, நிறைவுற்ற கொழுப்பு, சர்க்கரை, உப்பு என நான்குக்கும் தனித்தனி நிறம். நம் பெட்டிக்குக் கொழுப்பு இரண்டும் பச்சை, உப்பு மஞ்சள், சர்க்கரை சிவப்பு. 100 கிராமில் 22.5 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் சிவப்பு என்பது விதி. எதையும் மறைக்காத முறை, அது எனக்குப் பிடிக்கும். உப்பைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் எச்சரித்தவர் உப்புக் கட்டத்தை மட்டும் பார்த்தால் போதும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இரண்டு பச்சை, ஒரு மஞ்சள், ஒரு சிவப்பு என்றால் வாங்கலாமா, கூடாதா? பக்கத்துப் பெட்டியில் ஒரு பச்சை, மூன்று மஞ்சள். எது மேல்? ஒரு கையில் கூடை, இன்னொரு கையை இழுக்கும் குழந்தை என்று நிற்பவருக்கு இந்தக் கூட்டல் கழித்தலுக்கு நேரம் கிடையாது.

ரோமுக்குப் போவோம். ஏ முதல் இ வரை (A–E) எழுத்துத் தரும் பிரான்சின் நியூட்ரி-ஸ்கோர் முறை பிடிக்காமல், அதற்குப் பதிலாக இத்தாலி 2020-ல் அறிமுகப்படுத்தியது நியூட்ரின்பார்ம் பேட்டரி. செல்போன் பேட்டரி போல ஐந்து நீலப் படங்கள்: ஆற்றல், கொழுப்பு, நிறைவுற்ற கொழுப்பு, சர்க்கரை, உப்பு. ஒரு வேளைப் பங்கு சாப்பிட்டால் ஒரு நாள் அளவில் எத்தனை சதவீதம் தீர்கிறது என்று ஒவ்வொன்றும் காட்டும். ஒரு பங்கு 30 கிராம் என்று வைத்தால் சர்க்கரை 7.5 கிராம். நாளுக்கு 90 கிராம் என்ற ஐரோப்பியக் குறிப்பளவில் அது 8 சதவீதம். லண்டனில் சிவப்பாக எரிந்த அதே சர்க்கரை இங்கே ஏறக்குறைய காலியான ஒரு பேட்டரியாக நிற்கிறது! அந்தக் குறிப்பளவும் 2,000 கிலோகலோரி சாப்பிடும் பெரியவருக்கானது. ஆறு வயதுப் பிள்ளை கிண்ணத்தில் கொட்டிக்கொள்வது 30 கிராமோடு நிற்காது என்று வீட்டில் பிள்ளை இருப்பவர்களுக்குத் தெரியும். இன்னொன்று, போனில் பேட்டரி நிறைந்திருந்தால் நல்லது. இங்கே நிறைந்திருந்தால் ஆபத்து. பழகிய படத்தை எடுத்து அதன் பொருளைத் தலைகீழாக்கியிருக்கிறார்கள்.

நியூட்ரி-ஸ்கோர்மேல் இத்தாலிக்கு உள்ள கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அதில் இத்தாலியின் பார்மிஜானோ சீஸுக்கு டி கிடைக்கிறது, கடைசிக்கு முந்தைய எழுத்து. அந்தச் சீஸை யாரும் 100 கிராம் உட்கார்ந்து தின்பதில்லை, துருவித் தூவுகிறோம் என்கிறார்கள். நியாயம்தான். ஆனால் அதைச் சரிசெய்யப்போய் அவல் பெட்டியைத் தப்பவிட்டது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

ஸ்டாக்ஹோமில் நம் பெட்டியின் முகம் வெறுமையாக இருக்கும். ஸ்வீடன் 1989-லேயே கொண்டுவந்த பச்சை நிறச் சாவித்துளைச் சின்னம், தன் வகைக்குள் சர்க்கரை, உப்பு, கொழுப்பு குறைந்து, நார்ச்சத்தும் முழுத்தானியமும் கூடிய பொருளுக்கு மட்டும்தான். 2009-ல் டென்மார்க்கும் நார்வேயும் சேர்ந்துகொண்டன. செயற்கை இனிப்பு போட்டுச் சர்க்கரையைக் குறைத்துக் காட்டினாலும் சின்னம் கிடைக்காது. அந்தக் கறார்த்தனம் அருமை. ஆனால் சின்னம் இல்லாத பெட்டி மோசமானதா, சுமாரானதா, இல்லை கம்பெனி சின்னத்தைப் போட நினைக்கவே இல்லையா? தெரியாது. நல்லதைக் காட்டும், கெட்டதைப் பற்றி வாய் திறக்காது.

அப்புறம் பாரிஸ். 2017-ல் பிரான்ஸ் ஏற்றுக்கொண்ட நியூட்ரி-ஸ்கோர், செர்ஜ் எர்க்பர்க் தலைமையிலான ஆய்வாளர்களின் உழைப்பில் வந்தது. பிரிட்டனில் குழந்தைகளுக்கான உணவு விளம்பரங்களைக் கட்டுப்படுத்த உருவாக்கிய மதிப்பெண் கணக்குதான் இதற்கு அடிப்படை. ஆற்றல், சர்க்கரை, நிறைவுற்ற கொழுப்பு, உப்புக்குத் தண்டனைப் புள்ளி. பழம், காய், பருப்பு, நார்ச்சத்து, புரதத்துக்குக் கழிவு. கடைசியில் ஏ முதல் இ வரை ஒரே எழுத்து, ஒரே நிறம். பழைய கணக்கில் நம் பெட்டிக்கு சி கிடைத்திருக்கும். சர்க்கரையைக் கடுமையாக்கிய புதிய கணக்கில் டி. அந்தத் திருத்தத்தில் ஆலிவ் எண்ணெய் சி-யிலிருந்து பி-க்கு ஏறியது, சர்க்கரை இல்லாத கோலா பி-யிலிருந்து சி-க்கு இறங்கியது. தவறு தெரிந்தால் கணக்கைத் திருத்தும் மனசு இருக்கிறதே, அதுவே இந்த முறைமேல் எனக்கு நம்பிக்கை வரக் காரணம். பொருள் எவ்வளவு பதப்படுத்தப்பட்டது என்பதை மட்டும் அது கணக்கில் எடுப்பதில்லை. அது பெரிய குறைதான்.

சரி, லேபிள் மக்களின் கூடையை மாற்றுகிறதா? இதைக் கடையிலேயே சோதித்துப் பார்த்த நாடு பிரான்ஸ். 2016-ல் 60 சூப்பர் மார்க்கெட்டுகளை எடுத்தார்கள். நாலு வகை லேபிள்களுக்கு ஆளுக்குப் பத்துக் கடை, மீதி இருபதில் லேபிளே இல்லை. பத்து வாரம் உண்மையான பில்களைப் பார்த்தார்கள். நியூட்ரி-ஸ்கோர்தான் முன்னுக்கு வந்தது: தன் வகையில் சத்து மிகுந்த மேல்மட்டப் பொருள்களின் விற்பனை 14 சதவீதம் கூடியது. ஆனால் மோசமான பொருள்களின் விற்பனை குறையவில்லை. ஒட்டுமொத்த விளைவும், ஆய்வுக்கூடத்தில் இதேபோல் செய்த சோதனைகளில் கண்டதைவிடச் சராசரியாக 17 மடங்கு சிறியது. சோதனை அறையில் தலையாட்டுவது வேறு, பசியோடு கடையில் நிற்பது வேறு என்பதால் கடையில் போய் அளந்த இந்த ஆய்வுக்குத்தான் நான் அதிக மதிப்பு கொடுப்பேன்.

இதோடு பிரிட்டனின் குளிர்பான வரியை ஒப்பிட்டால் நெஞ்சில் அடிக்கிறது. 2016 மார்ச்சில் அறிவிப்பு, 2018 ஏப்ரலில் அமல். அமலானபோது 100 மில்லிக்கு 5 கிராம் சர்க்கரை இருந்தால் லிட்டருக்கு 18 பென்ஸ், 8 கிராமை எட்டினால் 24 பென்ஸ் என்று இருந்தது. வரி இல்லாவிட்டால் 2019 பிப்ரவரியில் 49 சதவீத பானங்கள் 5 கிராமைத் தாண்டியிருக்கும் என்று மதிப்பிட்டார்கள். தாண்டியது 15 சதவீதம். வாங்குபவர் எதையும் படிக்க வேண்டியிருக்கவில்லை, கம்பெனிகளே சர்க்கரையை எடுத்துவிட்டன.

நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் நியூட்ரி-ஸ்கோரைத்தான் எடுப்பேன். ஒரே அலமாரியில் இரண்டு அவல் பெட்டிகளை ஒப்பிட அதைவிட வேகமான வழி இல்லை. ஆனால் அதுவும் கம்பெனிகளின் விருப்பத்தில்தான் ஓடுகிறது. புதிய கணக்கில் குடிக்கும் தயிர் வகைகளின் மதிப்பெண் இறங்கியதும், 2024-ல் பிரெஞ்சுப் பால்பொருள் கம்பெனியான டானோன் அந்தப் பாட்டில்களிலிருந்து லேபிளை எடுத்துக்கொள்வதாக அறிவித்தது. யார்மீது மோசமான எழுத்து விழுகிறதோ அவரே விலகிக்கொள்ளலாம் என்றால் டி-யையும் இ-யையும் நாம் எங்கே பார்ப்பது? ஐரோப்பா முழுவதற்கும் ஒரே கட்டாய லேபிளுக்கான திட்டத்தை 2022 முடிவதற்குள் முன்வைப்பதாக ஐரோப்பிய ஆணையம் 2020-ல் சொன்னது. அந்தக் கெடு வெறுமனே கடந்துபோனது.

அதுவரை பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்க அட்டவணை 2016 டிசம்பரிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் கட்டாயம். பங்குக் கணக்கை விட்டுவிட்டு, 100 கிராம் என்று தலைப்பிட்ட பத்தியில் சர்க்கரைக்கு நேராக உள்ள எண்ணை மட்டும் பக்கத்துப் பெட்டியோடு வைத்துப் பாருங்கள்.