பலகையை அறுப்பதா, கழுத்தோரம் மாட்டுவதா?

ஜாஸ் வாசிப்புக்கான ஆர்ச்டாப் கிட்டாரில், தந்தியின் அதிர்வை மின்குறிகையாக மாற்றும் காந்தப் பிக்அப் பொருத்த விரும்புகிறவர் முதலில் தீர்க்க வேண்டியது, வளைவாகச் செதுக்கிய மேற்பலகையை அறுப்பதா வேண்டாமா என்ற கேள்வியைத்தான்; எந்தத் தயாரிப்பை வாங்குவது என்பது அதற்குப் பிறகு வருவது.

அறுத்துப் பதிக்கும் முறைக்கு நீண்ட மரபு உண்டு. ஜாஸ் கிட்டார் கலைஞர் சார்லி கிறிஸ்டியன் புகழ்பெறச் செய்த கிப்சன் இஎஸ்-150, 1936இலேயே பலகையில் பிக்அப் பொருத்தியே வந்தது. பிக்அப்பின் எடை கூடிய பலகை குறைவாக அதிர்வதால், உரத்த ஒலிபெருக்கிக்கு முன்னும் ஊளைச் சத்தம் எளிதில் எழாது. ஆனால் அதே காரணத்தால் கிட்டாரின் சொந்தக் குரல் மங்கிவிடும். அறுத்த பலகையைப் பழைய நிலைக்குக் கொண்டுவரவும் முடியாது. நல்ல செதுக்குப் பலகையில் ரம்பம் வைக்க எனக்கு மனம் வராது.

பலகையைத் தொடாமல் மிதக்கும் பிக்அப்புகளில் இரண்டு வகைகள் போட்டியிடுகின்றன. டிஆர்மண்ட் ரிதம் சீஃப் போன்ற ஒற்றைச் சுருள் பிக்அப், தண்டில் மாட்டப்பட்டு முன்னும் பின்னும் நகரக்கூடியது; கழுத்தருகே வைத்தால் உருண்டையான ஒலியும், தந்திகள் பலகைமேல் அமரும் பிரிட்ஜ் பக்கம் நகர்த்தினால் கூர்மையான ஒலியும் கிடைக்கும். அதன் தெளிவு எனக்கு மிகவும் பிடிக்கும். ஆயினும் தங்கச்சிமடம் சந்தியாகப்பர் திருவிழா போன்ற மேடைகளில், ஜெனரேட்டரும் சீரியல் விளக்குகளும் சூழ்ந்திருக்க, ஒற்றைச் சுருள் மின்சாரத்தின் இரைச்சலையும் சேர்த்தே வாங்கும். இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து அந்த இரைச்சலைத் தணிக்கும் ஹம்பக்கரின் சிறிய வடிவத்தைக் கழுத்தின் முனையிலோ, பலகையில் கீறல் விழாமல் காக்கும் தகடான பிக்கார்டிலோ மாட்டலாம். மேடையில் வாசிப்பவருக்கு இதையே பரிந்துரைப்பேன். வீட்டில் மட்டும் வாசிப்பவர் ஒற்றைச் சுருளையே தேர்ந்துகொள்ளட்டும்.

வாங்குமுன், கழுத்தில் குறுக்காகப் பதித்த உலோகக் கம்பிகளான ஃபிரெட்டுகளில் கடைசியில் தந்தியை அழுத்திப் பிடித்து, தந்திக்கும் பலகைக்கும் உள்ள இடைவெளியை அளந்துகொள்வது அவசியம். தந்திக்குக் கீழே 2 முதல் 3 மில்லிமீட்டர் விட்ட பிறகும், பிக்அப்பின் அடி பலகையில் படாமல் இருக்க வேண்டும். பட்டால் ஒலி அமுங்கும், சில சுரங்களில் அதிர்ந்து இரையும். ஒலியளவுக் குமிழையும் ஜாக்கையும் பிக்கார்டிலேயே வைத்துவிட்டால் உடலில் ஒரு துளையும் வேண்டியதில்லை. ஹம்பக்கருக்கு 500 கிலோஓம் குமிழும் ஒற்றைச் சுருளுக்கு 250 கிலோஓம் குமிழும் வழக்கம். தந்திகளைத் தாங்கும் உலோக வால்பகுதிக்கு ஒரு எர்த் கம்பி இழுக்க மறக்கக் கூடாது.

தந்தியிலும் ஒரு சிக்கல் உண்டு. வெண்கலம் காந்தத்துக்கு வசப்படாததால், வெண்கலம் சுற்றிய நான்கு தந்திகள் மெலிந்தும், சுற்றில்லாத இரண்டு எஃகுத் தந்திகள் துருத்திக்கொண்டும் கேட்கும். ஆகவே நிக்கல் சுற்றிய தந்திகளே பொருந்தும். பாம்பன், மண்டபம் உப்புக்காற்றில் எஃகுத் தந்திகள் சீக்கிரம் துருப்பிடிப்பதோடு, உதிரும் துருத்துகள்களைப் பிக்அப்பின் காந்தம் இழுத்து ஒட்டிக்கொள்கிறது. வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் தந்திகளைத் துடைத்துப் பெட்டியில் வைப்பதும், படிந்த துகள்களை அவ்வப்போது ஒட்டு நாடாவால் எடுப்பதும், ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை மாற்றிக்கொண்டிருப்பதும் எங்கள் கரையில் எந்த வகைப் பிக்அப்புக்கும் தப்பாத வேலைகள்.