1000 மில்லிகிராம் மீனெண்ணெ மாத்திரை, மூணு பாட்டில் வாங்குனவனோட ரிவ்யூ

5க்கு 1.5 ஸ்டார் குடுக்கறனுங்க. அதுல அந்த அரை ஸ்டாரு பாட்டில் மூடி நல்லா டைட்டா இருந்ததுக்கு. கம்பெனி பேரு போடல, ஏன்னா கடைல இருக்கற பாட்டில் நெறையத்தத் திருப்பிப் பாத்துட்டேன், முக்காவாசி இதே கததான், ஒருத்தர மட்டும் திட்டி பிரயோஜனம் இல்ல.

நமக்கு ஊரு ஊத்துக்குளி பக்கம், வேல திருப்பூர்ல பனியன் கம்பெனில கணக்கு. ஊத்துக்குளின்னாலே வெண்ணெ, அதனால ஊட்ல அரிசிம்பருப்பு சோறுன்னா நெய்ய கரண்டில எடுக்க மாட்டாங்க, சாய்ப்பாங்க. வயசு 44. போன மாசி மாசம் கம்பெனில எல்லாத்துக்கும் ரத்த டெஸ்ட் எடுத்தாங்க, அதுக்கு மொத நாள் ராத்திரி கருப்பணசாமி கோயில்ல கெடா விருந்து, பத்தர மணிக்குத் தின்னுட்டு காலைல ஏழு மணிக்கு கைய நீட்டுனனுங்க. ட்ரைகிளிசரைடு, அதாவது ரத்தத்துல ஓடற கொழுப்பு, 488. எல்டிஎல்னு சொல்ற கெட்ட கொலஸ்ட்ரால் எவ்வளவுன்னு பாத்தா அந்த எடமே காலி. என்னடா இது மிஷின் ரிப்பேரான்னு நெனச்சேன், அப்பறம் டாக்டரம்மாதான் வெளக்குனாங்க, நெறைய லேப்ல எல்டிஎல்ல நேரா அளக்கறதில்லையாமா, மொத்தக் கொலஸ்ட்ரால்ல இருந்து ஹெச்டிஎல்னு சொல்ற நல்ல கொலஸ்ட்ராலயும் ட்ரைகிளிசரைடுல அஞ்சுல ஒரு பங்கயும் கழிச்சு கணக்குப் போடறதாமா, ட்ரைகிளிசரைடு 400க்கு மேல போச்சுன்னா அந்தக் கணக்கு நிக்காது, அதான் காலியா உட்டிருக்காங்க. நான் கணக்கு எழுதறவன், எனக்கு இது ரொம்பப் புடிச்சுப் போச்சு.

ரெண்டு வாரம் கழிச்சு பன்னெண்டு மணி நேரம் பட்டினியோட ஒழுங்கா எடுத்தோம். மொத்தம் 251, ஹெச்டிஎல் 34, ட்ரைகிளிசரைடு 372, எல்டிஎல் 143. ட்ரைகிளிசரைடு 150க்குக் கீழ இருக்கோணும், ஆம்பளைக்கு ஹெச்டிஎல் 40க்கு மேல இருக்கோணும், ரெண்டுலயும் நான் ஃபெயில். தைராய்டு கொறஞ்சாலும் கொலஸ்ட்ரால் ஏறும்னு அதயும் பாத்தாங்க, அது சரியா இருந்துச்சு, சுகர் மட்டும் பார்டர்ல நிக்குது. எங்கப்பாவுக்கு 52 வயசுல ஹார்ட் அட்டாக் வந்துச்சுன்னு கேட்டதும் டாக்டரம்மா மாத்திர எழுதறேன்னாங்க. நானு, மூணு மாசம் டைம் குடுங்க மேடம், சாப்பாட்டுலயே கொறச்சுக்கறேன்னுட்டு வந்தனுங்க. சாப்பாட்ட எங்க கொறச்சேன், ஃபோனத் தொறந்து மீனெண்ணெ மாத்திரதான் ஆர்டர் பண்ணேன். "இதயத்தின் நண்பன்"னு போட்டிருந்தான், மூணு பாட்டில் காம்போ 2,160 ரூவா, மொத்தம் 180 மாத்திர, ஒண்ணு 12 ரூவா ஆச்சு.

வந்து சேந்தது நல்ல சித்திர வெயில்ல. டெலிவரி வண்டிக்குள்ள எத்தன நாள் கெடந்துச்சோ, ஒரு பாட்டில்ல மாத்திரையெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி கொழுக்கட்ட மாதிரி இருந்துச்சு. மீனெண்ணெ சூடுக்கும் வெளிச்சத்துக்கும் சீக்கிரம் காறிப் போற சாமான், ஒண்ண ஊசில குத்தி மோந்து பாத்தா பழைய பெயிண்ட் டப்பா வாசம். கஸ்டமர் கேர்ல சொன்னேன், போட்டோ அனுப்புங்கன்னாங்க, அனுப்புனேன், "தரம் பாதிக்கப்படவில்லை"ன்னு பதில் வந்துச்சு. மோந்து பாக்காமயே எப்படி சொல்றாங்கன்னு தெரியல.

அதே வாரம் ஊர்ல மாரியம்மன் நோம்பி, கம்பம் நட்டு காப்புக் கட்டியாச்சு, ஊட்ல கவுச்சி ஆகாது. எங்கம்மா பாட்டில் படத்துல மீனப் பாத்துட்டு, "ஏஞ்சாமி, இது கவுச்சிதானொ?"ன்னு கேட்டுச்சு. எண்ணெ மட்டும் இல்லம்மா, மேல இருக்கற தோலே பிராணிங்க எலும்பு, தோல்ல இருந்து செய்யற ஜெலட்டின்னு எச்சா ஒரு தகவல வேற நானே சொல்லித் தொலச்சேன், நோம்பி முடியற வரைக்கும் பாட்டில் மாட்டுக் கொட்டாய்லதான் இருந்துச்சு. சைவக்காரங்க ஆரும் இதப் படிச்சா பாத்துக்கோங்க, மீனெண்ணெல இருக்கற ஒமேகா 3ங்கற நல்ல கொழுப்ப பாசில இருந்து எடுத்த சைவ மாத்திரையும் கெடைக்குது, வெல கூட. ஆளி வெதையும் நல்லதுதான், ஆனா அதுல இருக்கற ஒமேகா வேற வகை, நம்ம ஒடம்பு அத மீன்ல இருக்கற வகையா மாத்தறது ரொம்பக் கம்மி.

சரி, மெயின் மேட்டருக்கு வர்றேன். முன்னால கொட்ட எழுத்துல 1000 மில்லிகிராம்னு போட்டிருக்கும். அது எண்ணெயோட எடைங்க. வேல செய்யற சரக்கு இபிஏ, டிஹெச்ஏன்னு ரெண்டு ஒமேகாதான், பின்னால எறும்பு எழுத்துல இபிஏ 180, டிஹெச்ஏ 120ன்னு இருந்துச்சு. ஆகமொத்தம் 300. மீதி 700 சும்மா எண்ணெ. சில பாட்டில்ல முன்னால பெருசா ஒரு நம்பர் போட்டு, பின்னால பாத்தா அது ரெண்டு மாத்திரைக்குச் சேத்துப் போட்ட கணக்கா இருக்குது, அதயும் கவனிங்க. ட்ரைகிளிசரைடு நல்லா எறங்கோணும்னா நாளைக்கு 2ல இருந்து 4 கிராம் வரைக்கும் இந்த ரெண்டும் சேந்து உள்ள போகோணும், 4 கிராம்னா 20, 30 சதவீதம் எறங்கும். என் பாட்டில்ல 4 கிராம் எடுக்கோணும்னா நாளைக்கு 14 மாத்திர. 168 ரூவா. மாசம் 5,040. நான் போட்டது நாளைக்கு ரெண்டு, அதாவது 600 மில்லிகிராம். தோட்டத்துக்கு ஒரு சொம்புல தண்ணி கட்டுன மாதிரி.

அதுக்குன்னு ஆரும் பதினாலு மாத்திரைய எடுத்து முழுங்கீராதீங்க. டோஸ் ஏறுனா இதயத் துடிப்பு தாறுமாறா அடிக்கற கோளாறு வர்றதுக்கு வாய்ப்பு எச்சாகுதுன்னு பெரிய ஆய்வுகள்லயே வந்திருக்குது, அது டாக்டர் பாத்துக் குடுக்க வேண்டிய அளவு. விளம்பரத்துல "ஆய்வில் நிரூபிக்கப்பட்டது"ன்னு போடறானுங்கல்ல, அது பெரும்பாலும் ரெட்யூஸ் இட்னு 2018ல வந்த ஆய்வப் பாத்துட்டு அடிச்சு உடறது. அதுல 8,179 பேரு, எல்லாரும் ஏற்கெனவே ஸ்டாட்டின்னு சொல்ற கொலஸ்ட்ரால் மாத்திர போட்டுட்டு இருந்தவங்க, குடுத்தது சுத்தமா பிரிச்ச இபிஏ மட்டும், நாளைக்கு 4 கிராம், அது சீட்டுக்குத் தர்ற மருந்து. ஹார்ட் அட்டாக், ஸ்ட்ரோக் மாதிரி சங்கதியெல்லாம் சேத்துப் பாத்தா காவாசி கொறஞ்சுது, உண்மைதான். ஆனா 2020ல ஸ்ட்ரென்த்னு இன்னொண்ணு வந்துச்சு, அதுல இபிஏவும் டிஹெச்ஏவும் கலந்து அதே 4 கிராம் குடுத்தாங்க, ஒரு பிரயோஜனமும் தெரியல. என் பாட்டில்ல இருந்தது ரெண்டாவது ரகம், அதுவும் ஏழுல ஒரு பங்கு.

மூணு மாசம் கழிச்சு ஆவணில டெஸ்ட். மொத்தம் 250, ஹெச்டிஎல் அதே 34, ட்ரைகிளிசரைடு 348, எல்டிஎல் 146. ரெண்டாயிரத்து நூத்தி அறுவது ரூவாய்க்கு எறங்குனது 24 பாயின்ட், அதுவும் மாத்திரையால எறங்குச்சா, அன்னைக்கு முந்துன நாள் சாயங்காலம் பேக்கரிக்குப் போகாததால எறங்குச்சான்னு சாமிக்குத்தான் தெரியும். சைடு எஃபெக்ட்டா மத்தியானம் நாலு மணிக்கு மீன் ஏப்பம், ஆடிட்டர் முன்னால ஒருக்கா வந்துருச்சு. ஏப்பம் வர்றவங்க சாப்பாட்டுக்கு நடுவுல போடுங்க, வெறும் வயித்துல வேண்டாம், கொழுப்போட போனாத்தான் ஒடம்புல நல்லா சேரவும் செய்யும்.

டாக்டரம்மா ரிப்போர்ட்டப் பாத்துட்டு திட்டல. "டீ எத்தன குடிக்கறீங்க?"ன்னு மட்டும் கேட்டாங்க. நம்ம பக்கத்துல டீக்கட எங்கீங்க இருக்குது, எல்லாம் பேக்கரிதான, ஆறு டீ, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு ஸ்பூன் சக்கர, நாலு மணிக்கு ஒரு தேங்கா பன்னு, சனிக்கெழம பசங்களோட ஒரு குவாட்டரு, ராத்திரிக்கு ஒரு படி சோறு. இதச் சொன்னதும் பேனாவ வெச்சுட்டு சிரிச்சாங்க. ட்ரைகிளிசரைடு ஏறுறதுல நெய்யவிட சக்கரையும் சோறும் சாராயமும்தான் பெரிய கை, எச்சா வர்றத ஈரல் கொழுப்பா மாத்தி ரத்தத்துல அனுப்பி உட்டுருதாமா. நெய்யி, வெண்ணெ, தேங்காண்ணெ எல்லாம் எல்டிஎல்ல ஏத்தற பக்கம். எனக்கு ரெண்டு கேஸும் நடக்குது.

தேங்காண்ணெய்னு சொன்னதும் காங்கயத்துல இருக்கற எங்க மச்சானுக்குக் கோவம் வந்துருச்சு, அவுங்க தொழிலே அது. "செக்குல ஆட்டுனது, கொலஸ்ட்ராலே கெடையாது"ன்னாரு. கொலஸ்ட்ரால் கெடையாதுங்கறது நெசம், ஆனா எந்தச் செடி எண்ணெலயும் சொல்லிக்கற மாதிரி கொலஸ்ட்ரால் இருக்காது, கடலெண்ணெ பாக்கெட்ல "கொலஸ்ட்ரால் ஃப்ரீ"ன்னு போடறது தண்ணி பாட்டில்ல "சக்கரை இல்லை"ன்னு போடற மாதிரி. தேங்காண்ணெல பத்துல ஒம்போது பங்கு எல்டிஎல்ல ஏத்தற செறிவான கொழுப்பு, கடலெண்ணெல அஞ்சுல ஒரு பங்குக்குள்ளதான். செக்கோ மிஷினோ, அந்த வித்தியாசம் மாறாது. இப்ப ஊட்ல கடலெண்ணெயும் நல்லெண்ணெயும்தான், மச்சான்ட்ட சொல்லல.

டாக்டரம்மா அந்த ஸ்டாட்டின் வகைல அட்டோர்வாஸ்டாட்டின் 10 மில்லிகிராம் எழுதிக் குடுத்தாங்க. வெசனமாத்தான் இருந்துச்சு, கை கால் ஓஞ்சு போகும், ஈரல் போயிரும்னு கம்பெனில ஆளாளுக்குச் சொன்னாங்க. தசை வலி வர்றவங்க இருக்காங்க, இல்லைன்னு சொல்லல, ஆனா 2022ல லான்செட்ங்கற மருத்துவப் பத்திரிகைல வந்த பெரிய ஆய்வுத் தொகுப்புல, மாத்திர போட்டவங்க சொன்ன தசை வலில பத்துல ஒம்போதுக்கு மேல அந்த மாத்திரையால வந்ததில்லைன்னு காட்டியிருந்தாங்க, வெறும் மாவு மாத்திர போட்டவங்களும் ஏறக்கொறய அதே அளவு வலின்னு சொல்லியிருக்காங்க. எனக்கு மொத வாரம் கெண்டக்கால் வலிச்சுது. அதே வாரந்தான் பைக்க உட்டுட்டு நடக்க ஆரம்பிச்சேன், எதோட வேலைன்னு நீங்களே சொல்லுங்க. இந்த மருந்து வகைய மொதல்ல கண்டுபுடிச்சது அகிரா எண்டோன்னு ஜப்பான்ல ஒரு வெவசாயி ஊட்டுப் பையன், 1970கள்ல ஆயிரக்கணக்கான பூஞ்சையத் தேடிப் பாத்து, ஒரு நீலப் பூஞ்சைல புடிச்சாரு. இங்கிலீஷ் மருந்து வேண்டாம்னு சொன்ன மச்சானுக்கு இதச் சொன்னேன், "பூசணம் புடிச்சதயா திங்கற"ன்னு கேட்டுட்டாரு.

கூட இசப்கோல் தவுடு, மெடிக்கல்ல கெடைக்கறதுதான், மலச்சிக்கலுக்குப் போடறதுன்னு நெனச்சுட்டு இருந்தேன். நாளைக்கு பத்து கிராம் பக்கம் ஒழுங்கா எடுத்தா எல்டிஎல் 5 சதவீதத்துக்கு மேல எறங்கும், இதுக்கு நான் 4 ஸ்டார் குடுப்பேன். பெரிய டம்ளர் தண்ணில போட்டு கலக்குன ஒடனே குடிச்சரோணும், ஃபோன் வந்துச்சுன்னு வெச்சுட்டுப் போனா பசையாயிரும், போஸ்டர் ஒட்டலாம். மத்த மாத்திரையோட சேத்துப் போடாதீங்க, ரெண்டு மணி நேரம் தள்ளிப் போடுங்க. மொத வாரம் காத்துப் பிரியும், பஸ்ல போறவங்க யோசிச்சுக்கோங்க. ஒரு ஸ்டார் கொறச்சது அதுக்குத்தான்.

டீ ரெண்டாச்சு, சக்கர இல்ல. ராத்திரி சோத்துக்குப் பதுலா கம்பு தோசையோ, கொள்ளுப் பருப்பு கடஞ்சு காயோட ஒரு கப்பு சோறோ. கொழுத்தவனுக்குக் கொள்ளுன்னு நம்மூருல சொல்றத வெச்சு கொள்ளு ரசத்தயே மருந்தாக் குடிக்கறவங்க இருக்காங்க, ரசத்த மூணு டம்ளர் குடிச்சுட்டு அதே ஒரு படி சோத்தத் தின்னா கொள்ளு என்னங்க பண்ணும். குவாட்டரு நின்னு போச்சு, பசங்க பேசறதில்ல.

கார்த்தில வந்த ரிப்போர்ட்: மொத்தம் 160, ஹெச்டிஎல் 38, ட்ரைகிளிசரைடு 168, எல்டிஎல் 88. எல்டிஎல் எறங்குனதுல பெரும்பங்கு அந்த சின்ன மாத்திரைக்குத்தான், ஜெனரிக் கடைல ஒண்ணு ஒரு டீ காசு கூட ஆகல. ட்ரைகிளிசரைடு எறங்குனது டீயும் சோறும் குவாட்டரும் உட்டதால. மீனெண்ணெய்ய ஆவணியோட நிறுத்திட்டேன், அதுக்கு இதுல பங்கே இல்ல.

மீன் வேணும்னா மீனாவே தின்னுக்கலாம்னு இப்ப ஞாயித்துக்கெழம மத்தி வாங்கறோம், கேரளாவுல இருந்து வர்றது, கோயமுத்தூர் போனா உக்கடம் மார்க்கெட்ல வாங்கிட்டு வர்றேன். நூறு கிராம் மத்தில ஒரு கிராம் பக்கம் ஒமேகா இருக்கும், மூணு மாத்திர கணக்கு, அதுவும் ருசியோட. டேம் மீனு ருசிதான், ஆனா கட்லா ரோகுல இது அவ்வளவு இருக்காது. வறுக்காம கொழம்பு வைங்க. மத்தி நாத்தம் ஊட்டுக்காரிக்கு ஆகாது, "ஏனுங்க, நீங்களே களுவிக்குங்க"ன்னு கத்தியக் கைல குடுத்துட்டு அக்கட்டப் போயிருச்சு.

ஒட்டிப் போன பாட்டில்ல இன்னும் இருவது மாத்திர அப்படியே கெடக்குது. கம்பெனில இருந்து வாரா வாரம் மெசேஜ் வருது, உங்க பாட்டில் முடிஞ்சிருக்கும், மறுபடி ஆர்டர் பண்ணுனா 15 சதவீதம் தள்ளுபடின்னு. அடுத்த டெஸ்ட் மாசில, இந்த வாட்டி கெடா விருந்துக்கு முன்னாலயே கையக் குடுத்தர்றேன்.