சாப்பாட்டறை அலுமாரி: பலாவா, மெலமைனா?

ஹட்டனில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டறைக்குப் பீங்கான், கோப்பை, மேசை விரிப்பு எல்லாம் வைக்க ஓர் அலுமாரி தேவைப்பட்டது. கடையில் விற்கும் மெலமைன் கபினட், தச்சரிடம் சொல்லிச் செய்விக்கும் பலா மர அலுமாரி, இரும்பு அலுமாரி என்று மூன்றையும் யோசித்துவிட்டுப் பலாவை எடுத்தோம். மறுபடி வாங்கினாலும் அதையே எடுப்பேன்.

மெலமைன் விலை குறைவு, பளிச்சென்று இருக்கும், கேட்டவுடன் கிடைக்கும். தச்சர் வேலை என்றால் காத்திருக்க வேண்டும். இதெல்லாம் தெரிந்ததுதான். மலைநாட்டில் முதலில் பார்க்க வேண்டியது ஈரலிப்பை.

மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவமழை அடிக்கும்போது ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா பக்கம் உடுப்புக் காய்வதே பெரும்பாடு. மெலமைன் பலகையின் மேற்பூச்சு தண்ணீரை உள்ளே விடாது என்பது உண்மை. ஆனால் உள்ளே இருப்பது மரத்தூளையும் பசையையும் சேர்த்து அழுத்திய பலகை. வெட்டிய ஓரம், திருகாணித் துளை, தரையைத் தொடும் அடிப்பக்கம், இந்த மூன்று வழியாகவும் ஈரம் ஏறும். ஏறினால் பலகை ஊதிவிடும். காய்ந்தாலும் பழைய அளவுக்குத் திரும்பாது. அக்கா வீட்டுக் கபினட்டில், தரை துடைக்கும் தண்ணீர் பட்டுப் பட்டு அடிப்பலகை உப்பி, விளிம்புப் பட்டி உரிந்து வந்துவிட்டது. அப்புறம் பிணைச்சல் திருகாணிகள் பிடி விட்டுக் கதவு ஒரு பக்கம் தொங்கியது. அதே துளையில் திரும்ப முறுக்கினால் தூள்தான் கொட்டுகிறது.

பலாவும் ஈரத்துக்கு உப்பும். மழைக் காலத்தில் எங்கள் லாச்சி இறுகும். வெயில் வந்ததும் தானாகவே இளகும். அதனால் இறுகியவுடன் சீவச் சொல்லாதீர்கள், மாசியில் இடைவெளி விழும். ஓடும் இடத்தில் மெழுகுதிரியைத் தேய்த்தால் போதும். கதவு கழன்றால் துளைக்குள் மரக்குச்சி அடித்து மறுபடி திருகாணி போடலாம். மெருகு மங்கினால் தேய்த்துப் புதிதாகப் பூசலாம். மஞ்சளாக வந்த மரம் வருடம் போகப் போகப் பழுப்பேறி இன்னும் அழகாகிறது.

செய்விக்கும்போது கேட்க வேண்டியவை உண்டு. மரம் நன்றாகக் காய்ந்ததா? வெளிப்புற வெண்பகுதி இல்லாமல் நடுவிலுள்ள வைரப் பகுதியா? வெண்பகுதியைக் கறையான் விடாது. கதவின் நடுப்பலகையைப் பசை போட்டு இறுக்காமல் சட்டத்தின் பள்ளத்தில் சும்மா நிறுத்தினால்தான் வெடிக்காது. கால் நான்கு அங்குலமாவது உயரட்டும். சுவரோடு ஒட்டாமல் இரண்டு அங்குலம் தள்ளி வையுங்கள். காற்றோட்டம் இல்லாத முதுகுப் பலகையில்தான் பூஞ்சணம் பிடிக்கும். உங்கள் தோட்டத்துப் பலாவையே வெட்டிச் செய்யும் எண்ணம் இருந்தால் முதலில் அனுமதி எடுங்கள். 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி பலாவை நினைத்தபடி தறிக்க முடியாது.

இரும்பு அலுமாரியை நாங்கள் உடுப்பு வைக்கத்தான் பாவித்தோம். கறையான் பயமில்லை, பெயின்ட் உரிந்த இடத்தில் துரு பிடிக்கிறது. பீங்கான் அடுக்க எப்படியோ, அதை அப்படிப் பாவித்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் தென்மேல் பருவமழை மாதங்களில் எங்களைவிட உலர்வு. அங்கே மெலமைன் கூடுதல் காலம் தாங்கலாம். வாடகை வீட்டில் கொஞ்சக் காலம்தான் இருக்கப் போகிறீர்கள் என்றாலும் அதையே வாங்குங்கள், சரி. ஆனால் அடியில் கால் பொருத்தித் தரையிலிருந்து தூக்கி வையுங்கள்.