ஜாக்கெட்டா, பிளேட்-விங்கா? ஈயக் கணக்கு தெரிந்தபின் பிசிடி வாங்குங்கள்

புதுச்சேரியில் ஸ்கூபா டைவிங்கின் தொடக்கப் பயிற்சியான ஓப்பன் வாட்டர் கோர்ஸ் முடித்தவர்கள், கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் தேடத் தொடங்குவது பிசிடியைத்தான், அதாவது டேங்கைச் சுமந்து, காற்றை ஊதியும் விட்டும் மிதவையைச் சரிசெய்யும் உடுப்பை. கிடைப்பது மூன்று வகை. விலாவைச் சுற்றி உப்பும் ஜாக்கெட், முதுகுப் பக்கம் மட்டும் உப்பும் பேக் இன்ஃப்ளேட், தகடு, பட்டை, காற்றுப் பை மூன்றும் தனித்தனியாக வரும் பிளேட்-விங். எதை வாங்கலாம் என்று யார் கேட்டாலும் என் முதல் கேள்வி ஒன்றுதான்: நீருக்குள் அமிழ உங்களுக்கு எத்தனை கிலோ ஈயம் கட்ட வேண்டும்? அது தெரியாமல் வாங்கினால், தேவைக்கு மேல் பெரிய பையைத்தான் காசு கொடுத்துச் சுமப்பீர்கள்.

கோர்ஸில் பல இடங்களில் கூடுதலாகவே ஈயம் கட்டி விடுவார்கள். புதியவர் மேலே எழும்பாமல் தரையில் நிற்கட்டும் என்பதற்காக. அதே எடையைப் பிற்பாடும் கட்டிக்கொண்டு போவதில்தான் தொல்லை. புதுச்சேரிக் கடலில் டைவ் போகும் டெம்பிள் ரீஃப் சுமார் 18 மீட்டர் ஆழம். அங்கே 4 கிலோ ஈயம் அதிகமாக இருந்தால், அதைச் சமன்செய்ய பிசிடிக்குள் கிட்டத்தட்ட 4 லிட்டர் காற்று கூடுதலாக ஊத வேண்டும். 18 மீட்டரில் அழுத்தம் 2.8 பார், 5 மீட்டரில் 1.5 பார். ஏறும்போது அந்த 4 லிட்டர் ஏழரை லிட்டராக விரியும். அதைச் சரியான நேரத்தில் வெளியேற்றத் தவறினால் நேரே மேலே தூக்கிவிடும். 'எனக்கு மிதவைக் கட்டுப்பாடு வரவில்லை' என்று வருந்துகிறவர்களில் பலருக்கு உண்மையில் இருப்பது இந்த உபரி ஈயம்தான்.

சரி, எவ்வளவு வேண்டும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நீச்சல் குளத்தில் பார்த்த எடை கடலுக்குப் பொருந்தாது. கடல் நீர் நன்னீரைவிட ஏறத்தாழ 2.5 சதவீதம் அடர்த்தி அதிகம். உடம்பும் சாமான்களும் சேர்ந்து 95 கிலோ என்றால், குளத்து எடையுடன் சுமார் 2.4 கிலோ சேர்க்க வேண்டும். இது ஒரு தொடக்கம், அவ்வளவுதான். அடுத்தது டேங்கில் இருக்கும் காற்றின் எடை. வழக்கமான 11 லிட்டர் அலுமினிய டேங்கில் 200 பார் அடைத்தால் உள்ளே இருக்கும் காற்று மட்டும் 2.6 கிலோ. 50 பாருக்கு இறங்கும்போது அதில் 2 கிலோ போயிருக்கும். தொடக்கத்தில் லேசாக அமிழும் டேங்க் கடைசியில் மிதக்க ஆரம்பிக்கும். அதனால் டைவ் முடியும் நேரத்துக்குத்தான் எடை பார்க்க வேண்டும்.

மேற்பரப்பில் பார்ப்பது பலருக்கும் தெரியும்: முழு டேங்குடன் பிசிடியைக் காலிசெய்து, சாதாரணமாக இழுத்த மூச்சைப் பிடித்தால் தண்ணீர் கண் மட்டத்தில் நிற்க வேண்டும், மூச்சை விட்டால் அமிழ வேண்டும், அதன்பின் 2 கிலோ சேர்க்க வேண்டும். நம் கடலில் அலை தூக்கிப் போடும் நாளில் கண் மட்டம் எங்கே என்றே தெரியாது. நான் நம்புவது 5 மீட்டரில் செய்யும் சோதனையை. மேலே ஏறும் வழியில் பாதுகாப்புக்காக நிற்கும் மூன்று நிமிடத்தில், டேங்கில் 50 பார் இருக்கையில், நங்கூரக் கயிற்றை லேசாகப் பிடித்துக்கொண்டு பிசிடியில் இருக்கும் காற்று முழுவதையும் விடுங்கள். பிறகு கையைத் தளர்த்துங்கள். மூச்சை இழுத்தால் மெல்ல எழும்பி, விட்டால் மெல்ல இறங்கினால் எடை சரி. கல் மாதிரி இறங்கினால் அடுத்த முறை ஒரு கிலோவைக் கழற்றுங்கள். மேலே இழுப்பதால் கயிற்றை விடவே முடியவில்லை என்றால் கூட வருபவரிடமிருந்து ஒரு கிலோ ஈயக்கட்டியை வாங்கிக் கையில் பிடித்துப் பாருங்கள். நின்றுவிட்டால் அந்த ஒரு கிலோதான் குறைவு.

இந்தக் கணக்கு கைக்கு வந்தால் பையின் அளவும் தெரிந்துவிடும். சரியான எடையுடன் இறங்குபவருக்குக் கீழே தேவைப்படும் மிதவை, டேங்கிலுள்ள காற்றின் எடையும் 3 மி.மீ. வெட்சூட் (ரப்பர் நுரை உடை) ஆழத்தில் நசுங்கி இழப்பதும்தான். இரண்டும் சேர்ந்தால் 5 கிலோவுக்குள் அடங்கும். மேற்பரப்பில் தலை தூக்கி மிதக்க இன்னும் கொஞ்சம். 13 கிலோ தூக்கும் பை நம் வெதுவெதுப்பான கடலுக்குத் தாராளம். 20 கிலோ தூக்கும் என்று பெட்டியில் போட்டிருப்பதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

இனி வகைகளுக்கு வருவோம். ஜாக்கெட்டின் பெரிய பலம் மேற்பரப்பில் தெரியும். படகு சுற்றி வரும்வரை அலையில் நிமிர்ந்து நிற்க வைக்கும். பாக்கெட், பக்கிள் எல்லாம் பழகியவை. பழையதாகக் குறைந்த விலைக்குக் கிடைப்பதும் இதுதான். ஆனால் உள்ளே இருக்கும் பஞ்சுப் பட்டை தானாகவே மிதக்கும், அதை அமிழ்த்தவே ஈயம் கட்ட வேண்டும். நிறைய ஊதினால் நெஞ்சை இறுக்கும். தையல் விட்டால் மொத்தமும் போச்சு.

பழைய ஜாக்கெட் வாங்கப் போகிறவர்கள் நிதானமாகப் பாருங்கள். அதிக அழுத்த வால்வு 'புஸ்' என்று விடும்வரை ஊதி, ஓர் இரவு வையுங்கள். காலையில் தொய்ந்திருந்தால் வேண்டாம். காற்று ஊதும் இன்ஃப்ளேட்டர் பொத்தானைப் பல முறை அமுக்கிப் பாருங்கள். உப்புப் பொரிந்து பொத்தான் உள்ளேயே சிக்கிக்கொண்டால் தண்ணீருக்கடியில் பை தானாக ஊதிக்கொண்டே போகும். பழைய ஜாக்கெட்டில் நான் மிகவும் பயப்படுவது இதற்குத்தான். நெளிவுக் குழாயை லேசாக இழுத்து, மடிப்புகளில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே நன்னீர் ஊற்றிக் குலுக்கி வெளியே விடுங்கள். உப்புத் துகள் வந்தால் முந்தையவர் கழுவியதே இல்லை. (நீங்கள் கழுவும்போதும் கவனம். கடலோரத்தில் பல வீடுகளில் போர் தண்ணீரே உப்புக் கரிக்கும். குழாய்த் தண்ணீர்தான் நல்லது.)

பேக் இன்ஃப்ளேட் கீழே நன்றாகப் படுக்க வைக்கும். மேலே நிறைய ஊதினால் முகத்தைத் தண்ணீருக்குள் தள்ளும். ஜாக்கெட்டின் விலையும் இல்லை, பிளேட்டின் ஆயுளும் இல்லை. அடிக்கடி விமானத்தில் போகிறவர்கள் எடை குறைந்த மாடலைப் பார்க்கலாம், மற்றவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

என் ஓட்டு பிளேட்-விங்குக்கு. 3 மி.மீ. ஸ்டீல் தகடு சுமார் இரண்டரை கிலோ. இடுப்பில் கட்ட வேண்டிய ஈயத்தில் இரண்டு கிலோ முதுகுக்கு மாறிவிடும். பட்டை, 5 செ.மீ. அகலத்தில் ஒரே நீளமான வார். அப்பாவுக்கும் மகளுக்கும் ஒரே செட்டை அளவு மாற்றிப் போடலாம். பை கிழிந்தால் பையை மட்டும் மாற்றினால் போதும். தகட்டை உள்ளூரிலேயே வெட்டலாம்: தட்டாஞ்சாவடி பக்கம் தொழிற்பேட்டையில் ஸ்டீல் வேலை தெரிந்தவரிடம் 316 ரகம் கேளுங்கள், 304 கடல் உப்பில் சீக்கிரம் புள்ளி விழும். போல்ட் துளைகளுக்கு இடையே 28 செ.மீ. என்பது வழக்கமான அளவு. காற்றுப் பையிலும் இன்ஃப்ளேட்டரிலும் மட்டும் சிக்கனம் வேண்டாம், நல்லதாகவே வாங்குங்கள். குறையும் உண்டு. பட்டையை உடம்புக்குச் சரிசெய்ய ஒரு சாயங்காலமே ஆகும். தோளில் பக்கிள் இல்லாததால் ஆடுகிற படகின் பக்கத்தில் கழற்றிக் கொடுப்பது சிரமம். மெலிந்த உடம்புடன் மெல்லிய லைக்ரா உடை மட்டும் போடுகிறவருக்கு ஸ்டீல் தகடே அதிக எடையாகிவிடும். அவருக்கு அலுமினியத் தகடு.

வருடத்தில் ஓரிரு முறை மட்டும் இறங்குகிறவர் எதையும் வாங்க வேண்டாம். வாடகை ஜாக்கெட்டே போதும், ஈயக் கணக்கை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஈயத்துக்கு பெல்ட்டா, பிசிடிக்குள் இருக்கும் பாக்கெட்டா? பெல்ட். விலை குறைவு, எந்தப் பிசிடியுடனும் சேரும். படகில் ஏற்றும்போது ஈயத்தைத் தனியாகவும் கொடுத்துவிடலாம். பழைய பாக்கெட்டின் கிளிப் தேய்ந்து நடுவில் நழுவினால் ஒரே நொடியில் 4 கிலோ போய்விடும். கடலூர் முதுநகரில் வலைக்குக் கட்டும் ஈயம் வாங்கி வீட்டில் உருக்கிக் கட்டி வார்க்க நினைக்காதீர்கள், அந்தப் புகை விஷம்.

எல்லா ஈயத்தையும் இடுப்பிலேயே கட்டவும் வேண்டாம். கால் தாழ்ந்தால் ஒரு கிலோவை டேங்கின் மேல் பட்டைக்கு ஏற்றுங்கள், தலை தாழ்ந்தால் இடுப்புக்கு இறக்குங்கள். கால் தொங்க நீந்துகிறவர் காலில் மாட்டிய துடுப்பு அடி மணலைக் கிளறிவிடும். ஏற்கெனவே கலங்கலான நாளில், பின்னால் வருகிறவருக்கு அப்புறம் ஒன்றும் தெரியாது.