‘ஹெல்தி ஐஸ்’னு 1680 ரூபாய்க்கு வாங்கி ஏமாந்துட்டோம், பிள்ளைங்க வச்சிருக்கவங்க தயவு செஞ்சு படிங்க

திருச்சிலதான் இருக்கோம். அக்னி நட்சத்திரம் ஆரம்பிச்சதுல இருந்து வீட்ல ரெண்டு பிள்ளைங்களும் ஐஸ் ஐஸ்னு ஒரே நச்சரிப்பு. பெரியவனுக்கு 9, சின்னவளுக்கு 5. தெருவுல மணி அடிச்சுட்டு வர்ற சேமியா ஐஸ் வாங்கித் தர எனக்கு பயம், எந்தத் தண்ணியில போடுறாங்கன்னே தெரியாது. அப்பதான் எங்க அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்ல ஒருத்தங்க மெசேஜ் போட்டாங்க, வீட்லயே செய்யற மாம்பழக் குச்சி ஐஸ், பசும்பால், நிஜப் பழம், சர்க்கரை இல்ல, கலர் இல்ல, குழந்தைங்களுக்குன்னே ஸ்பெஷல்னு. ஒண்ணு 70 ரூபாய். விலை ஜாஸ்திதான், ஆனா பிள்ளைங்க வயித்துக்குப் போறதாச்சே, காசு பாக்க வேணாம்னு 24 பீஸ் சொல்லிட்டேன். முழுப் பணமும் முன்னாடியே ஜிபே பண்ணச் சொன்னாங்க, பண்ணேன்.

தெர்மோகோல் பெட்டியில வந்துச்சு. பிரிச்சவுடனேயே எனக்கு ஏதோ இடிச்சுது. பாதி ஐஸ் ஒரு பக்கமா சாஞ்சு குச்சி கோணலா நின்னுச்சு, மேல கல் உப்பு மாதிரி பொடிப் பொடியா ஐஸ் படிஞ்சிருந்துச்சு. இது ஒரு தடவை உருகி திரும்ப உறைஞ்சதோட அடையாளம். ஃப்ரீசர்ல வச்சா கிருமி செத்துடும்னு நெனக்கிறோம், அப்படி இல்ல, அது வளராம நிக்கும் அவ்ளோதான், நடுவுல உருகுச்சுன்னா அந்த நேரத்துல பெருகிடும். எனக்கு இது தெரிஞ்சும் வெயில்ல வந்ததுனால இருக்கும்னு விட்டுட்டேன் பாருங்க, அதுதான் நான் பண்ண முதல் தப்பு.

பிள்ளைங்க ஆளுக்கு ரெண்டு சாப்பிட்டாங்க. சின்னவ நாக்கை நீட்டிக் காட்டுறா, நல்ல ஆரஞ்சு கலர்ல இருக்கு, வாய் கொப்புளிச்சும் போகல. மாம்பழம் சாப்பிட்டா நாக்கு இப்படி ஆகாதேடின்னு எங்க அத்தைதான் முதல்ல சொன்னாங்க.

மறுநாள் சிங்க்ல கிடந்த கவரை எடுத்துப் போட போறேன், தண்ணியில ஊறி மேல ஒட்டியிருந்த ஸ்டிக்கர் தானா உரிஞ்சு வந்துடுச்சு. அடியில வேற லேபிள்! ‘ஃப்ரோசன் டெசர்ட்’னு பிரிண்ட் ஆகியிருக்கு, பாமாயில்னு போட்டிருக்கு, 100 கிராமுக்கு சர்க்கரை 24 கிராம், கலர் 102, 110 (செயற்கை மஞ்சள், ஆரஞ்சு கலரோட கோட் நம்பர்). எம்ஆர்பி 20 ரூபாய். ஸ்டிக்கர்ல தயாரிச்ச தேதி இந்த மாசம், அடியில போன வருஷம் ஆகஸ்ட்! எனக்கு கை நடுங்கிடுச்சு. மீதி கவரை எல்லாம் எடுத்து தண்ணியில நனைச்சுப் பாத்தேன், எல்லாத்துலயும் அதே கதைதான்.

ஒண்ணு தெளிவா சொல்லிடறேன், ஃப்ரோசன் டெசர்ட் விக்கிறது குத்தம் இல்ல. எஃப்எஸ்எஸ்ஏஐ, அதாவது மத்திய அரசோட உணவுப் பாதுகாப்பு ஆணையத்தோட விதிப்படி சாதா ஐஸ்கிரீம்னு பேர் போடணும்னா பால் கொழுப்பு குறைஞ்சது 10 சதவீதம் இருக்கணும், அதுக்குப் பதிலா எண்ணெய் கொழுப்பு போட்டா ஃப்ரோசன் டெசர்ட்னு போடணும், அந்த ஐஸைச் செஞ்ச கம்பெனி ஒழுங்கா அப்படித்தான் போட்டிருக்கு. 102, 110 கலரும் இங்க கிலோவுக்கு 100 மில்லிகிராம் வரைக்கும் அனுமதி உண்டு. ஆனா ஐரோப்பாவுல 2010-ல இருந்து இந்த ரெண்டு உள்பட ஆறு கலர்ல எது சேர்த்தாலும், பிள்ளைங்களோட நடவடிக்கையையும் கவனத்தையும் பாதிக்கலாம்னு கவர்லயே எச்சரிக்கை போட்டாகணும். வேணுமா வேணாமான்னு முடிவு பண்ண வேண்டியது பெத்தவங்க நாங்க. அந்த விவரத்தை மறைச்சு மேல ஸ்டிக்கர் ஒட்டி, தேதியை மாத்தி, 20 ரூபாய் பொருளை 70-க்கு வித்தது பச்சை மோசடி.

சர்க்கரை கணக்குதான் எனக்கு இன்னும் வயித்தெரிச்சல். ஒரு ஐஸ் 70 கிராம், அதுல கிட்டத்தட்ட 17 கிராம் சர்க்கரை, அதாவது நாலு டீஸ்பூன். அமெரிக்க இதய சங்கம் 2016-ல சொன்னது ரெண்டு வயசுக்கு மேல இருக்க பிள்ளைங்களுக்கு சேர்க்கிற சர்க்கரை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள்ளன்னு, ரெண்டு வயசுக்குக் கீழ வேண்டவே வேண்டாம்னு. சர்க்கரையே இல்லைன்னு நம்பி நான் என் அஞ்சு வயசு பொண்ணுக்கு ஒரே மதியத்துல எட்டு ஸ்பூன் குடுத்திருக்கேன். கீழ் வீட்டுப் பொண்ணு தன் ஒன்றரை வயசுக் குழந்தைக்கும் இதையேதான் ஊட்டியிருக்கா.

போன் பண்ணேன். முதல்ல "அக்கா அது பழைய கவர் மாறி வந்துடுச்சு"ன்னாங்க. சரிம்மா, கவர் பழசுன்னா உள்ள இருக்கறது எப்படி ஆரஞ்சா இருக்குன்னு கேட்டேன், "நீங்க மட்டும்தான் கம்ப்ளைன்ட் பண்றீங்க, எல்லாரும் நல்லாருக்குன்னுதான் சொல்றாங்க"ன்னாங்க. பணத்தைத் திருப்பிக் குடுங்கன்னதும் கட் பண்ணிட்டு பிளாக் பண்ணிட்டாங்க, குரூப்ல இருந்தும் வெளிய போயிட்டாங்க.

அப்புறம்தான் ஸ்டிக்கர்ல இருந்த லைசென்ஸ் நம்பரை எண்ணிப் பாத்தேன், 12 இலக்கம்தான் இருந்துச்சு. எஃப்எஸ்எஸ்ஏஐ நம்பர் 14 இலக்கம் இருக்கணும். 1-ல ஆரம்பிச்சா லைசென்ஸ், 2-ல ஆரம்பிச்சா சின்ன வியாபாரிங்களுக்கான பதிவு. வீட்ல செஞ்சு விக்கிறவங்களுக்கும் இது கட்டாயம். வாங்கறதுக்கு முன்னாடி எண்ணியிருந்தா அங்கயே தெரிஞ்சிருக்கும். நேர்மையா வீட்ல செஞ்சு விக்கிற எத்தனையோ பெண்கள் இருக்காங்க, நம்பர் கேட்டா அவங்க கோவிச்சுக்க மாட்டாங்க, உடனே போட்டோ அனுப்புவாங்க.

எஃப்எஸ்எஸ்ஏஐயோட ஃபுட் சேஃப்டி கனெக்ட் ஆப்ல புகார் போட்டிருக்கேன், ரெண்டு லேபிளோட போட்டோவும், ஜிபே ஸ்கிரீன்ஷாட்டும், குரூப்ல வந்த மெசேஜும் சேர்த்து. 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்துல தப்பான லேபிள் போட்டு வித்தாலே 3 லட்சம் வரை அபராதம் உண்டு. பணம் திரும்ப வருமான்னு தெரியல, அவங்க இன்னொரு குரூப்ல போய் இதே வேலையைச் செய்யக் கூடாது.

இப்ப வீட்லயே போடுறேன். நல்லா கனிஞ்ச இமாம் பசந்த் கிடைக்குது, அதோட புளிக்காத கெட்டித் தயிர், ஒரு சிட்டிகை ஏலக்காய், சின்ன எவர்சில்வர் டம்ளர்ல ஊத்தி ஸ்பூனைக் குத்தி வச்சிடுவேன். ராத்திரி வச்சா காலைல ரெடி, டம்ளரை பச்சத் தண்ணியில ஒரு நிமிஷம் முக்கினா கழண்டு வரும். ரொம்ப கனிஞ்ச பழமா இருக்கணும், ஏன்னா ஜில்லுன்னு இருக்கும்போது நாக்குக்கு இனிப்பு கம்மியா தெரியும், கடை ஐஸ்ல அவ்ளோ சர்க்கரை கொட்டறதுக்கும் இது ஒரு காரணம். நுங்கைப் பொடியா நறுக்கி இளநீர்ல போட்டு வச்சதுதான் பெரியவனுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு.

மிச்சம் ஒம்பது ஐஸ் ஃப்ரீசர்ல அப்படியே கவர்ல கட்டி வச்சிருக்கேன், ஆபீசர் வந்தா காட்டணும். எங்க ஊர்ல யாராவது இதே மாதிரி மாம்பழ ஐஸ் வாங்கியிருந்தா தூக்கிப் போட்டுடாதீங்க, ஸ்டிக்கரை நனைச்சுப் பாருங்க, அடியில வேற லேபிள் இருந்தா போட்டோ எடுத்து நீங்களும் ஒரு புகார் போடுங்க.