சும்பே தீவு விடுதி: கொடுத்த பணம் கண்முன்னே வேலை செய்கிறது

தான்சானியாவைச் சேர்ந்த சான்சிபார் தீவின் ஸ்டோன் டவுன் நகருக்குத் தெற்கே, படகில் எட்டிவிடக்கூடிய தூரத்தில் இருக்கிறது சும்பே. தங்க நினைப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஏ.சி. கிடையாது, நீச்சல் குளம் கிடையாது. மொத்தமே 7 குடில்கள்தாம். வாடகை மலிவும் இல்லை. ஆனாலும், சுற்றுலாப் பயணியின் பணம் ஒரு சிறு தீவுக்கு எப்படிப் பயன்பட வேண்டும் என்று யார் கேட்டாலும் இங்கேதான் போய்ப் பார்க்கச் சொல்வேன்.

முதலில் தண்ணீர். தீவில் நன்னீர் ஊற்று இல்லை. குடிலின் அகன்ற கூரையில் விழும் மழை வடிகட்டப்பட்டு, தரைக்கு அடியிலுள்ள தொட்டியில் சேர்கிறது. அதைக் கைப் பம்பால் மேலே ஏற்றுகிறார்கள். வெயிலே சூடாக்கித் தருகிறது. குளித்த நீர் செடிப் பாத்திகளில் இறங்கி அங்கேயே உறிஞ்சப்படுகிறது. கழிவறைக்குத் தண்ணீரே தேவையில்லை, எல்லாம் மக்கி உரமாகிவிடுகிறது. நாற்றம் இருக்குமோ என்று தயங்க வேண்டாம், துளியும் இல்லை. இத்தனை மெனக்கெடலுக்கும் காரணம் உண்டு. இந்தத் தீவே பழைய பவளக் கல்தான். அதில் ஊற்றும் கழிவுநீர் கசிந்து கடலுக்குள் போகும், பாசி பெருகும், உயிருள்ள பவளம் மூச்சுத் திணறிச் சாகும்.

அந்தப் பவளத்தை மேற்குக் கரையை ஒட்டி மிதந்தபடி பார்த்தேன். மேசை போல விரிந்தவை, மான்கொம்பு போலக் கிளைத்தவை, நடுவே கூட்டங்கூட்டமாக மீன்கள். படகு நங்கூரம் போடுவதில்லை, நிலையான மிதவையில் கட்டுகிறார்கள். சிலிண்டர் கட்டி ஆழத்தில் முக்குளிக்கப் பயணிகளுக்கு அனுமதி இல்லை. கூட வந்த காவலர், என் கால் துடுப்பு பாறைப் பக்கம் தாழ்ந்தபோதெல்லாம் கையசைத்து மேலே வரச் சொன்னார். இங்குள்ள காவலர்களில் பலர் முன்பு மீனவர்கள். கையில் ஆயுதம் இல்லை. மீன்பிடிக்கத் தடையுள்ள எல்லைக்குள் வலையோடு வருபவர்களிடம், இங்கே பெருகும் மீன்தான் வெளியே உங்கள் வலைக்கும் வருகிறது என்று பேசியே திருப்பி அனுப்புகிறார்கள். இரவில், தரையில் வாழும் பெரிய தேங்காய் நண்டைப் பார்க்கவும் அழைத்துப் போகிறார்கள், தவறவிடாதீர்கள்.

1994-இல் அரசு இதைக் காப்பகமாக அறிவித்தது. தொடங்கியவர் சிபில் ரீட்மில்லர் என்ற ஜெர்மானியப் பெண்மணி. முதலீட்டில் கணிசமான பகுதி அவருடைய சொந்தப் பணம். மிச்சம் நன்கொடையும் தன்னார்வலர்களின் உழைப்பும். இன்று காவலர் சம்பளமும் பராமரிப்பும் பெரும்பாலும் நம்மைப் போன்றவர்கள் கட்டும் வாடகையிலிருந்துதான். சான்சிபார் பள்ளிப் பிள்ளைகளை இலவசமாக அழைத்து வந்து கடலைக் காட்டுவதும் அதே பணத்தில்தான். தங்கள் வீட்டு வாசலிலுள்ள கடலின் அடியை இங்கே வந்துதான் முதன்முதலாகப் பார்த்த பிள்ளைகள் உண்டு. இந்த ஒன்றுக்காகவே அந்த வாடகையை மறுபடியும் கொடுப்பேன்.

வேறொரு தீவு விடுதியில், பெயர் வேண்டாம், பில்லில் 'பசுமைக் கட்டணம்' என்று ஒரு வரி இருந்தது. அது எங்கே போகிறது என்று கேட்டேன். வரவேற்பறையில் ஒருவருக்கும் தெரியவில்லை.

ஆனால் இந்த ஏற்பாட்டுக்கும் ஒரு பலவீனம் உண்டு. விருந்தினர் வந்தால்தான் வருமானம். 2020-இல் உலகமே விமானங்களை நிறுத்தியபோது இப்படிப்பட்ட இடங்களின் வரவு ஒரே அடியாக நின்றது. பாறையைக் காக்கும் வேலையையோ ஒரு நாளும் நிறுத்த முடியாது. பயணிகளை மட்டும் நம்பாத நிரந்தர நிதி ஒன்று அவசியம். சீஷெல்ஸ் அரசு 2016-இல் 2 கோடி டாலருக்கும் மேற்பட்ட வெளிநாட்டுக் கடனை மாற்றியமைத்து, திருப்பிக் கட்டும் தொகையில் ஒரு பகுதி கடல் பாதுகாப்புக்கென ஓர் அறக்கட்டளைக்கு வரச் செய்தது. ஒரு நாட்டு அரசால் முடிந்ததை ஏழு குடில் விடுதி தனியே செய்ய முடியாதுதான். ஆனால் சிறு தீவுகள் பல கூட்டாகக் கேட்டால் கொடுக்க நிதி நிறுவனங்கள் முன்வர வேண்டும்.

நீண்ட மழைக்காலத்தில் விடுதியை மூடிவிடுகிறார்கள், தேதி பார்த்துப் பதிவு செய்யுங்கள். பகல் பயணமாகவும் போய் வரலாம், இடம் இருந்தால். ஓர் இரவாவது தங்குவதே நல்லது.