மூட்டைப்பூச்சிக்கு மருந்தடிக்க வருபவர் ‘அக்கம்பக்கத்துக்குத் தெரியாது’ என்று சொன்னால் உஷார்

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு மாதம் யோசித்தேன். வீட்டில் மூட்டைப்பூச்சி இருக்கிறது என்று வெளியே சொல்ல யாருக்குத்தான் மனசு வரும்? கரப்பான் தொல்லை, எலித் தொல்லை என்றால் சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். மூட்டைப்பூச்சி என்றதும் எதிரே இருப்பவர் தான் உட்கார்ந்திருக்கும் சோபாவை ஒரு தடவை குனிந்து பார்ப்பார், அடுத்த முறை வந்தால் வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போவார். எங்களை ஏமாற்றிய ஆள் பிழைப்பு நடத்துவதே இந்த வெட்கத்தை வைத்துத்தான், அதனால்தான் எழுதுகிறேன்.

மடிப்பாக்கத்தில் வாடகை வீடு, முதல் மாடி. ஏப்ரலில் மகளின் கையில் தடிப்புகள், வரிசையாக மூன்று மூன்றாக. கொசு என்று நினைத்தோம், அப்புறம் அலர்ஜி என்றார்கள், களிம்பு தந்தார்கள். ஒரு நாள் ராத்திரி மூன்று மணிக்கு கரண்ட் போய், போன் டார்ச்சைப் போட்டபோதுதான் தலையணை ஓரத்தில் அதைப் பார்த்தேன். கொள்ளு அளவு, கொள்ளின் நிறம், தட்டையாக, அவசரமே இல்லாமல் நடந்து போய்க்கொண்டிருந்தது. நசுக்கியதும் வந்த நாற்றம் இருக்கிறதே, சின்ன வயதில் ஊர் தியேட்டர் பெஞ்சில் முகர்ந்த அதே நாற்றம். மெத்தையின் தையல் ஓரத்தைப் பிரித்துப் பார்த்தால் பேனா மையைத் தெளித்த மாதிரி கறுப்புப் புள்ளிகள். அது அதன் கழிவு.

மறுநாள் காலையில் போனில் தேடி, முதலில் வந்த எண்ணுக்கே கூப்பிட்டேன். அந்த ஆள் சொன்ன முதல் வாக்கியமே, “கவலைப்படாதீங்க மேடம், வண்டியில பேர் இருக்காது, பசங்க யூனிஃபார்ம் போட மாட்டாங்க, யாராவது கேட்டா ஏசி சர்வீஸ்னு சொல்லிடுவோம்.” எனக்கு அப்படி ஒரு நிம்மதி. பேர் இல்லாத வண்டியை நாளைக்கு என்ன பேர் சொல்லித் தேடுவது என்று அப்போது உறைக்கவில்லை. 1,500 ரூபாய் என்றார். பசங்க வந்து பார்த்துவிட்டு, பூச்சி அதிகம், ஹெர்பல் மருந்து தனி, ஒரு வருட வாரண்டி தனி என்று 4,800 ஆக்கினார்கள். மொத்தத்தையும் முதலிலேயே கொடுத்தேன், என் புத்தி.

வேலை மொத்தம் இருபது நிமிடம். கையில் செடிக்கு அடிக்கிற பம்ப், மருந்து பாட்டிலில் லேபிளைக் கிழித்திருந்தார்கள். என்ன மருந்து என்று கேட்டதற்கு “இம்போர்ட்டட் மேடம்” என்று பதில். மெத்தையின் மேல்பக்கம், அதுவும் குழந்தை முகம் வைத்துப் படுக்கிற இடத்தில், சொட்டச் சொட்ட அடித்தான் ஒரு பையன். கட்டிலைச் சுவரிலிருந்து நகர்த்தவில்லை, பலகையைக் கழற்றவில்லை. பூச்சி உண்மையில் இருப்பது கட்டில் மூட்டில், திருகு போட்ட ஓட்டையில், சுவிட்ச் போர்டுக்குப் பின்னால், மாட்டியிருக்கும் காலண்டருக்குப் பின்னால். போகும்போது, “ஒரு மணி நேரம் கழிச்சு ஃபினாயில் போட்டு வீட்டை நல்லா துடைச்சிடுங்க” என்றான். மருந்து சுவரோரத்தில் தங்கினால்தான் பிறகு வெளியே வரும் பூச்சி அதன் மேல் நடந்து சாகும். அதைத் துடைக்கச் சொல்பவனுக்குத் தொழில் தெரியாது, இல்லை தெரிந்தே சொல்கிறான்.

ஒரு வாரம் கடியே இல்லை. ஒன்பதாம் நாள் மறுபடியும் மூன்று தடிப்பு.

காரணம் ரொம்ப சாதாரணம். முட்டை ஒரு மில்லிமீட்டர் தான் இருக்கும், வெள்ளையாக, இடுக்கில் பசை போட்ட மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். அடிக்கிற மருந்தில் பெரும்பாலானவை முட்டைக்குள் போவதில்லை. நம் ஊர் வெக்கைக்கு ஆறிலிருந்து பத்து நாளில் பொரித்துவிடும். அதனால் முதல் தடவை எவ்வளவு நன்றாக அடித்தாலும் பத்துப் பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டாவது தடவை கட்டாயம், சில வீடுகளுக்கு மூன்றாவதும். ஒரே தடவையில் சுத்தமாகப் போய்விடும் என்று ஒருவர் கியாரண்டி கொடுத்தால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். போதாததற்கு, கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் பைரித்ராய்டு வகை மருந்துகளுக்குப் பல ஊர்ப் பூச்சிகள் பழகிவிட்டன. சாகாமல் இடம் மாறிக்கொள்ளும், அவ்வளவுதான்.

வாரண்டி கார்டை எடுத்துக்கொண்டு போன் போட்டேன். நான்கு நாள் எடுக்கவில்லை. வீட்டுக்காரர் எண்ணிலிருந்து போட்டதும் உடனே எடுத்தார். “எங்க மருந்துல எல்லாம் செத்துடுச்சு மேடம், இது நீங்க வெளியிலேர்ந்து புதுசா கொண்டுவந்தது, வாரண்டில வராது.” சண்டை போட்டதும் தானே நேரில் வந்தார். வந்தவர் பையிலிருந்து ஒரு அலுமினிய டப்பாவை எடுத்தார். மாத்திரையாம். நாலு மாத்திரையைக் கட்டிலுக்கு அடியில் வைத்து, கதவைச் சாத்திவிட்டு ஹாலில் படுத்துக்கொள்ளலாமாம், 3,000 ரூபாய்.

நல்லவேளை, 2024 நவம்பரில் குன்றத்தூரில் எலி மருந்து வைத்த வீட்டில் தூங்கிய குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் இறந்த செய்தி என் மனதில் இருந்தது. டப்பாவை வாங்கிப் பார்த்தேன். அலுமினியம் பாஸ்பைடு. நெல் கிடங்கில் மூட்டைகளுக்குத் தார்ப்பாய் போட்டு மூடி வைக்கிற சரக்கு. காற்றில் இருக்கிற ஈரம் பட்டாலே பாஸ்பீன் வாயு கிளம்பும், அதற்கு மாற்று மருந்து கிடையாது. கதவிடுக்கு வழியாக ஹாலுக்கு வரும், பக்கத்து வீட்டுக்கும் போகும். இதை எல்லாருக்கும் விற்கக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. ஆள் குடியிருக்கும் வீட்டில் யார் இந்த மாத்திரையை நீட்டினாலும் அந்த நிமிடமே வெளியே அனுப்புங்கள். நான் அனுப்பினேன். 4,800 போனது போனதுதான்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மெத்தையை மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனால், அங்கே ஏற்கெனவே ஒரு மெத்தை வெயிலில் கிடக்கிறது. பக்கத்தில் எங்களுக்கு மேல் மாடி வீட்டு அக்கா. “சும்மா, ஈரமா இருந்துச்சுன்னு போட்டேன்” என்றார். நானும், “ஆமாக்கா, பாப்பா தண்ணிய கொட்டிட்டா” என்றேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் மெத்தைகளையே பார்த்துக்கொண்டு நின்றோம். அப்புறம் அவர்தான் மெதுவாக, “உங்க வீட்டுக்கும் ஏசி சர்வீஸ் வந்தாங்களா?” என்று கேட்டார்.

அதே ஆள்தான். எங்களுக்கு மூன்று வாரம் முன்பு அவர்கள் வீட்டில் அடித்து 5,500 வாங்கியிருக்கிறார். மேலே விரட்டியதில் கொஞ்சம் வயர் போகும் குழாய் வழியாகக் கீழே எங்களிடம் வந்திருக்கும் என்பது என் கணக்கு, நிரூபிக்க முடியாது. ஆனால் மேல் வீடு, கீழ் வீடு இரண்டையும் ஒரே நாளில் பார்த்தால்தான் தீரும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு வீட்டுக்கும் தெரியாமல் வைத்திருந்தால் இரண்டு இடத்திலும் காசு.

பிறகு சேர்ந்தே வேறு ஒருவரைப் பிடித்தோம். இந்தத் தொழிலுக்குப் பூச்சிமருந்துச் சட்டம் 1968-இன்படி லைசென்ஸ் வேண்டும். கேட்டதும் போனிலேயே படம் அனுப்பினார். மருந்து பாட்டில் லேபிளில் விஷத்தின் அளவைக் காட்டும் கலர் முக்கோணத்தையும் காட்டச் சொன்னோம்: சிவப்பு கடும் விஷம், அப்புறம் மஞ்சள், நீலம், பச்சை என்று இறங்கும். அவருடையது நீலம். கட்டிலை முழுக்கக் கழற்றி, திருகு ஓட்டை ஒவ்வொன்றாகப் பார்த்தார், இரண்டு வீட்டுக்கும் ஒரே நாளில், பன்னிரண்டு நாள் இடைவெளியில் மூன்று தடவை. காசையும் மூன்றாகப் பிரித்துத்தான் வாங்கினார். நடுவில் நாங்கள் போர்வை, தலையணை உறை எல்லாம் கொதிக்கும் தண்ணீரில் ஊறவைத்தோம், இரும்புக் கட்டிலின் மூட்டுகளில் வெந்நீர் ஊற்றினோம். ஐம்பது டிகிரிக்கு மேல் சூடு சரியாகப் பட்டால் முட்டையும் தப்பாது. பாட்டி காலத்துக் கைவைத்தியம் என்று நான் கேலி செய்ததுதான்.

கடைசிக் கடி பட்டு ஏழு வாரம் ஆகிறது. ராத்திரி எழுந்து டார்ச் அடித்துப் பார்க்கும் பழக்கம் மட்டும் விடவில்லை. அந்த ஆளின் எண் இப்போது உபயோகத்தில் இல்லை. ஆனால் போன வாரம் எங்கள் தெரு மின்கம்பத்தில் ஒரு புது நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள், வேறு பேர், வேறு எண், கீழே சின்ன எழுத்தில் ‘அக்கம்பக்கத்தினருக்குத் தெரியாமல் செய்து தரப்படும்’.